தானாக வைத்துக்கொண்ட விலாசம்

ஜூலை இருபது, இரவு பத்தே கால்.
மாங்கூழ் கம்பெனியின் ஜூன் மாத ஜி.எஸ்.டி. கணக்கு
கூட்டிக் கழித்துத் திரையில் தயாராக நிற்கிறது.
அனுப்பத்தான் வழியில்லை.

ரௌட்டர் இரண்டு முழம் தள்ளி
பீரோ மேல் உட்கார்ந்து
பச்சையாய்க் கண் சிமிட்டுகிறது.
கம்ப்யூட்டர் அதன் பெயரைச் சொல்கிறது,
பாஸ்வேர்டும் சரி என்கிறது.
அப்புறம் ஒரு மஞ்சள் முக்கோணம்.
பந்திக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து
இலை போடாமல் போன மாதிரி.

முப்பது எண்ணிவிட்டு மாட்டச் சொல்வார்கள்,
அறுபது எண்ணி மாட்டினேன்.
ஆன்டெனாவை மலைப் பக்கம் திருப்பினேன்.
பிறகு வெட்கப்பட்டு நேராக்கினேன்.
சையத் பாஷா மலைக்கு
என் கணக்கில் என்ன வேலை?

கேபிள் திம்மராயன் போனில் கொட்டாவி விட்டான்.
"லைன் நல்லாத்தான் வருதுக்கா.
அந்தக் கறுப்புத் திரையைத் தொறந்து பாருங்க,
நம்பர் எதுல ஆரம்பிக்குது?"
நூத்தி அறுபத்தொம்போது என்றேன்.
"அது ரௌட்டர் குடுத்ததில்ல.
கேட்டுக் கேட்டுப் பாத்து யாரும் குடுக்கலைன்னா
அதுவா வெச்சிக்கிற விலாசம்."

போனை வைத்த பிறகும் உட்கார்ந்தே இருந்தேன்.
பழையபேட்டையில் இந்த வீட்டுக்கு ஒப்பந்தம் எழுதியபோது
தந்தை அல்லது கணவர் பெயர் என்ற இடத்தில்
கோடு போட்டுவிட்டு வந்தவள் நான்.

போன் வழியாக ரௌட்டருக்குள் நுழைந்தேன்.
பெயர் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின்.
சாவி பூட்டிலேயே தொங்கும் வீடு.
உள்ளே பத்துப் பேருக்குத்தான் இடம் என்று
யாரோ எப்போதோ எழுதிவைத்திருக்கிறார்கள்.
பத்தும் நிரம்பியிருக்கிறது.

என் போன், என் டிவி.
சுவருக்கு அந்தப் பக்கம் தில்ஷாத்தின் ரெட்மி,
குரூப் ஃபோர் வகுப்புக்காகப் போன மழையில் நானே கொடுத்தது.
அவள் அம்மாவுடையது ஒன்று.
மாடியில் கிரானைட் பட்டறைப் பையன்கள் மூன்று பேர்,
ஒடியாவில் ராத்திரி முழுக்க வீட்டோடு பேசுகிறவர்கள்.
வீட்டுக்காரரின் கேமரா.
(என்னைப் பார்க்க நானே கட்டணம் கட்டியிருக்கிறேன்!)
எதிர்வீட்டு டிவி.
இதற்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது.
கடைசியாக வெறும் எழுத்தும் எண்ணுமாய்ப் பன்னிரண்டு,
அது யாரென்று இன்றுவரை தெரியாது.

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சிவப்புப் பொத்தான்.
விரல் முதலில் எதிர்வீட்டு டிவி மேல் நின்றது.
பிறகு கேமரா மேல், கொஞ்சம் அதிக நேரம்.
சுவர் வழியாக ஒரு வாத்தியார்
ஒன்றரை மடங்கு வேகத்தில்
சிந்து சமவெளியைக் கடந்துகொண்டிருந்தார்.

கீழே 'முடிவு' என்றொரு கட்டம், அதில் பதினொன்று.
அழித்து ஐம்பது என்று போட்டேன்.
சேமி.

ரௌட்டர் கண் மூடியது.
வாத்தியார் பாதி வாக்கியத்தில் நின்றார்.
மாடிப்படியில் செருப்புச் சத்தம்.
"அக்கா, உங்களுக்கும் நெட்டு போச்சா?"
தில்ஷாத்தின் குரல்.
"வரும், இரு" என்றேன்
ஏதோ மின்வாரியமே நான்தான் என்பதுபோல.

வந்தது.
என் கம்ப்யூட்டருக்கும்
நூற்றுத் தொண்ணூற்றிரண்டில் தொடங்கும்
முறையான விலாசம் ஒன்று.
பதினொன்று நாற்பதுக்குக் கணக்கு போய்ச் சேர்ந்தது.
ஜன்னலில் லாரியோடு போகிற பெங்களூரா மாம்பழ வாசம்.

எதிர்வீட்டு டிவி மறுபடி
கெக்கெக்கென்று சிரிக்க ஆரம்பித்தது.
நாளைக்குக் கேட்டுவிட வேண்டும்,
மாதம் ஐம்பது ரூபாயாவது.