கண்ணுக்குச் சொட்டு விட்ட பிறகு

மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரி, கண் கிளினிக், வாங்கு.
மூன்றாம் தரம் சொட்டு விட்டுவிட்டு
"மூடிக்கிட்டே இரிங்க ஐயா" என்று போனாள் தாதி.
நான் களவாய்த் திறந்தேன்.
யன்னலில் வேம்பு வெள்ளையாய் எரிந்தது.
கையிலிருந்த துண்டில் என் இலக்கம் கரைந்து போயிருந்தது.
நாற்பத்தொன்று. மனதில் வைத்துக்கொண்டேன்.
இலக்கங்களை மனதில் வைப்பதுதான்
இருபத்திரண்டு வருஷம் என் உத்தியோகம்:
உயரம், காற்று, எண்ணெய்,
வடக்கே போகையில் ஏறிய தலைகள்,
திரும்புகையில் ஏற்றிய பெட்டிகள்.

"தம்பிக்கும் ரெண்டு கண்ணுமோ?"
பக்கத்துக் குரல் வடக்கத்தியது.
எழுபது வயதுத் தம்பி ஓம் என்றேன்.
"என்ன வேலை பாத்தனீங்கள்?"
"ட்ரைவர்."
பொய்யில்லை. முழுதும் மெய்யுமில்லை.

இந்த ஊர்ப் பறங்கித் தச்சன்
அன்ட்ராடோவின் கடைசி மகன் நான்.
வீட்டில் பறங்கிப் பேச்சு, சந்தையில் தமிழ்,
மேலே ஏறினால் சிங்களமும் இங்கிலீசும்.
வடக்கு மண்ணில் நான் கால் வைத்தது
பலாலி ஓடுபாதையில் மட்டும்,
இயந்திரத்தை நிறுத்தாமல்,
இருபது நிமிஷம், சில நாள் பதினைந்து.
மற்றதெல்லாம் மேலிருந்து.
பகலில் சிவப்பு மண் துண்டுகள், புகையிலைப் பச்சை,
உப்புக் காய்ந்த வெள்ளை.
இரவில் ஒன்றுமில்லை.
விளக்கில்லாத ஒரு குடாநாடு முழுக்கக்
கீழே படுத்திருக்கும்.
ஜாம் போத்தல் விளக்கு
ஆறாயிரம் அடிக்கு எட்டாது.

அவள் நிறுத்தவில்லை.
கண் மூடியவர்களுக்கு வாய் தானாகத் திறக்கும்போல.
ஒரு கடலேரிக் கரையின் பெயரைச் சொன்னாள்.
அந்தப் பெயரின் மேலால்
என் பென்சில் கோடு போயிருக்கிறது.

"ராவிலதான் படகு. பீடி பத்தவும் விடமாட்டினம்.
நடுவில சகடை வந்திட்டுது."

"சகடையோ?"

"அதுதான் தம்பி, அந்தப் பெரிய பிளேன்.
இழுத்து இழுத்து உறுமும்."

நாங்கள் அதை வால் இலக்கத்தால் அழைத்தோம்.
அதற்கு ஒரு பெயர் இருந்ததை
முப்பது வருஷம் கழித்து
ஒரு வாங்கில் இருந்து கேட்கிறேன்.

"பரா லைட் போட்டான்."

போட்டது விஜேகோன்.
கதவடியில் குந்தியிருந்து சப்பாத்தால் உதைப்பான்.
நான் இடது பக்கம் சாய்த்துப் பிடிப்பேன்.
குடை விரிந்து, சூரியன் போட்ட குட்டி மாதிரி
ஆடி ஆடி இறங்கும்.
நாலு நிமிஷம்.
தண்ணீர் தகரமாய் மினுங்கும், அதில் புள்ளிகள்.
புள்ளிகள் என்றுதான் வானொலியில் சொன்னேன்.
எத்தனை என்றும் சொன்னேன்.
பிறகு திரும்பிவிடுவேன்.
மீதி வேறு ஆட்களின் வேலை.
பெட்டிகள் ஏற்றிய நாளென்றால்
மூக்கடியில் சித்தாலேப தடவிக்கொள்வேன்.

"எல்லாரும் குப்புறப் படுத்திட்டினம்.
எனக்குப் படுக்கேலாது, மடியில பிள்ளை.
குனிஞ்சு பாத்தன்.
முழிச்சுக்கொண்டு சிரிக்குது.
கையை நீட்டுது, அந்த லைட்டைப் பிடிக்க.
அம்மா, நிலா விழுது எண்டுது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள்.
நானும் சிரிப்பேன் என்று
கொஞ்ச நேரம் பார்த்திருப்பாள்.

எந்த வருஷம், எந்த மாதம், எத்தனை மணி.
கேட்டால் கணக்குப் பார்த்துவிடலாம்.
என் பறப்புக் கொப்பி அலுமாரியில்தான் கிடக்கிறது,
கலியாணத் துணிகளுக்கு அடியில்.
கேட்கவில்லை.
பிறகு என்ன நடந்தது என்றும்.

"நாப்பது! தையல்நாயகி!"

யாரோ ஒருத்தி வந்து கை பிடித்து எழுப்பினாள்.
"மெதுவா அம்மா, படி இருக்கு."
அவளின் வயதை அளக்கப் பார்த்தேன்.
விரிந்த பாவைக்குள் அந்த முகம்
ஒரே வெளிச்சம். மூக்கில்லை, கண்ணில்லை.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.
டொக்டர் சின்ன விளக்கை நேரே அடித்தார்.
"அசையாதீங்க. வெளிச்சத்தப் பாருங்க."
பார்த்தேன்.

ஒன்றரை மணிக்கு வெளியே விட்டார்கள்.
கறுப்புக் கண்ணாடி. டச்பாருக்கு ஓட்டோ.
கல்லடிப் பாலத்தில் ஏறியபோது
வாவி முழுக்கத் தகரம்.
அதில் ஒன்று, இரண்டு,
மூன்றாவதில் ஒருத்தன் எழுந்து நின்று
சாரத்தை அவிழ்த்து மறுபடி கட்டினான்.