ஸ்டியரிங் இல்லாத இருபத்திரண்டு வருஷம்

லியெபாயாவில் ஒரே ஒரு டிராம் தடம்.
அதை நான்தான் ஓட்டுகிறேன்,
நானும் இன்னும் பல பேரும்.
முடுக்க ஒரு நெம்புகோல், நிறுத்த ஒரு மிதி,
நாய் குறுக்கே வந்தால் ஒரு மணி.
திருப்புவதற்கு மட்டும் கையில் எதுவும் கிடையாது.
அது தண்டவாளத்தின் வேலை.

நாலாயிரத்து முந்நூறு யூரோ சேர்ந்தது.
அறுநூறை ஒரு காலுறைக்குள் முடிந்துவைத்தேன்:
டயருக்கு, பெல்ட்டுக்கு,
என் அசட்டுத்தனத்துக்கு.
யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழக் கூடாது.
மீதிப் பணத்துக்குக்
கூரை திறக்கிற, இரண்டே பேர் உட்காருகிற,
பின்சக்கரம் தள்ளுகிற வண்டி.

"ஐம்பத்து மூன்று வயதில் எதற்கு?"
டிப்போவில் ஸைகா கேட்டாள்.
பதில் சொல்வதற்குள் சிக்னல் விழுந்துவிட்டது.

முதல் வண்டி வெள்ளி நிறம்.
குல்டீகாவில், ஒரு பல் டாக்டரின் மகனிடம்.
போனட்டில் கை வைத்தேன். சூடு.
குளிரில் கிளப்பினால் எப்படி முனகும் என்பதை
நான் கேட்டுவிடக் கூடாதாம்;
நாங்கள் போய்ச் சேருமுன் எழுப்பி, முகம் கழுவி,
பவுடர் பூசி நிறுத்தியிருந்தான்.

இரண்டாவது சிவப்பு.
அப்படி ஒரு சிவப்பு. எனக்கு நாக்கு உலர்ந்துபோயிற்று.
ஐகார்ஸ் அவன் வீட்டு ஃபிரிட்ஜ் கதவிலிருந்து
காந்தம் ஒன்றைப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தான்,
எலுமிச்சை வடிவத்தில்.
தானமாய் வந்த மாட்டைத்தானே
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது?
கதவுக்குக் கீழே எலுமிச்சை ஒட்டவில்லை.
ஒரு சாண் தள்ளி வைத்தான். விழுந்தது.
இரும்பு இருக்க வேண்டிய இடமெல்லாம் பட்டி,
பட்டி மேல் பெயின்ட்.
குளிர்காலத்தில் சாலையில் கொட்டுகிற உப்பு
உள்ளிருந்தே தின்று முடித்துத்
தோலை மட்டும் விட்டுவைத்திருந்தது.
அப்படியும் திரும்பிப் பார்த்தேன், இரண்டு தடவை.
ஐகார்ஸ் என் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தான்.

மூன்றாவதைப் பார்க்கப் போனபோது மழை.
ஊல்டிஸுக்கு முழங்காலில் ஆபரேஷன்;
அந்தத் தாழ்ந்த இருக்கையிலிருந்து எழுந்திருக்க
மனைவியைக் கூப்பிட வேண்டியிருக்கிறதாம்,
கடைத்தெருவில், எல்லோரும் பார்க்க.
மின்கட்டண ரசீதின் பின்பக்கம்
பென்சிலால் எழுதிக் கொடுத்தான்:
இரண்டாம் கியர் காலையில் முரண்டு பிடிக்கும்.
கூரைத் துணி வலப்பக்கம் ஒழுகும்.
இடது முகவிளக்கு எழாது, தட்டினால் எழும்.
பின்சக்கரத்துக்கு மேல் துரு, ஒட்டுப்போட்டது நானே, அழகாக இல்லை.
நான்கையும் சரிபார்த்தோம். உண்மை.
ஐகார்ஸ் குனிந்து ஐந்தாவது ஒன்றைக் கண்டுபிடித்தான்.
ஊல்டிஸ் ரசீதைத் திருப்பி வாங்கி
அதையும் எழுதினான்.

நிறம் பச்சை. ஆஸ்பத்திரிச் சுவரின் பச்சை.
இதற்கா இத்தனை வருஷம்?

சாவி தந்தான்.
ஊர் எல்லையில் ஒரு ரவுண்டானா.
ஒருமுறை சுற்றினேன்.
"நேரே போ" என்றான் ஐகார்ஸ். மறுபடி சுற்றினேன்.
என் கை இடப்பக்கம் சாய்ந்தால் வண்டி சாய்ந்தது,
பிர்ச் மரங்கள், கோழிப்பண்ணை, மழை எல்லாம் சாய்ந்தன.
எனக்கு முன் யாரும் போட்டுவைக்காத வளைவு.
மூன்றாம் சுற்றில் பால் லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.
அதற்குப் பிறகு ஐகார்ஸ் பேசவில்லை,
கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டான்.

மூவாயிரத்து முந்நூறில் தொடங்கி
மூவாயிரத்து அறுநூற்றைம்பதில் முடித்தேன்.
பேரத்தில் நான் அவ்வளவு மோசம்.
மீதி ஐம்பதுக்கும் அன்றைக்கே பெட்ரோல்.

இப்போது அது டிப்போ வேலிக்கு அப்பால் நிற்கிறது,
இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு.
காலை முதல் டிராமை எடுத்து அதைத் தாண்டும்போது
மணி அடிக்க எந்தக் காரணமும் இல்லை,
ஒரு நாய்கூட இல்லை.
ஸைகா கேட்டால், மணி வேலை செய்கிறதா என்று பார்த்தேன் என்பேன்.

பக்கத்து இருக்கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி.
அதற்கும் சீட் பெல்ட் போட்டிருக்கிறேன்.