பதினொரு சாவிகள்

ஆகஸ்டில் எங்கள் சாலைக்கு மூச்சு முட்டும்.
கூரையில் சைக்கிள் கட்டிய மத்ரீத் கார்கள்,
படுக்கையோடு வரும் ஜெர்மன் வேன்கள்.
வழிகாட்டிக் குரலை நம்பி
மக்காச்சோளக் கொல்லைக்குள் இறங்கிவிட்ட ஒரு வெள்ளை வண்டி,
ஃபூகோவின் டிராக்டர் வரும்வரை
கதிர்களோடு கதிராக நிற்கும்.

என் இடுப்பில் பதினொரு சாவிகள்.
பதினொரு வீடும் என்னுடையவை அல்ல.
விரிப்பு மாற்றுவேன், மணல் கூட்டுவேன்,
வெந்நீருக்குக் குழாயை எந்தப் பக்கம் திருக வேண்டும்
என்று காட்டித்தருவேன்.

கேட்பார்கள்:
இந்தச் சேவல் எத்தனை மணிக்கு நிறுத்தும்?
மூடுபனி நாளைக்கும் உண்டா?
உண்டென்றால் வாடகையில் கழியுமா?
தூண்களின் மேல் நிற்கிறதே, சிலுவை வைத்து,
அது யாருடைய கல்லறை?

கல் அறைதான் அம்மா, கல்லறை இல்லை.
உள்ளே சோளம் இருக்கிறது.
எலி ஏறாமல் இருக்கத் தூண்,
சிலுவை எதற்கென்று எங்களுக்கும் தெரியாது.

சாயங்காலம் எருந்தினாவின் மதுக்கடையில்
இந்தக் கேள்விகளுக்கு நல்ல விலை.
புதிதாக ஒன்று கொண்டுவந்தவருக்கு
முதல் கோப்பை இலவசம்.
வாடகை வந்து விழுந்த நாளில் மட்டும்
கொஞ்சம் மெதுவாகச் சிரிப்போம்.

போன வாரம் ஒருவர்
கடலுக்கு முதுகைக் காட்டி நின்று
தன்னைத்தானே படம் எடுத்தார்.
பெனாமோராவில் பேய்க்குக்கூட முதுகு காட்டலாம்.
அலை அவரை எடுத்தது,
ஒரு செருப்பை வைத்துக்கொண்டது,
மிச்சத்தை ஃபூகோ காலரைப் பிடித்து இழுத்துப் போட்டான்.
கொட்டலசு சுரண்டும் தகட்டை
மறு கை விடவே இல்லை.

மறுநாள் விலை உயர்ந்த ஒயினோடு வந்தார்.
ஃபூகோ புட்டியைப் பார்க்கவில்லை.
"காரைக் கொஞ்சம் தள்ளி விடுங்கள்,
டிராக்டர் போகணும்."
அதைத் தன்னடக்கம் என்று
அவர் நினைத்துக்கொண்டார்.

எந்த ஊர் என்று இங்கே யாரும் கேட்பதில்லை.
நீ யார் வீட்டுப் பிள்ளை?
அதற்கு ஒரு வீட்டின் பெயரைச் சொல்ல வேண்டும்,
அல்லது எவனோ ஒரு பூட்டனின் பட்டப்பெயரை.
இரண்டும் இல்லையென்றால்
நீ காற்றடித்துக் கொண்டுவந்தது.

நான் பிறந்தது விண்டர்தூரில்.
அப்பா அங்கே ஆலை வேலைக்குப் போனவர்.
அவருடைய ஊர் இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் உள்ளே.
கடல் தெரியாத நாற்பது கிலோமீட்டர்
என்பது இவர்களுக்கு வேறு தேசம்.
இவர்கள் பாஷையை நான் பிழையில்லாமல் பேசுகிறேன்.
அதுதான் பிழை என்பாள் எருந்தினா.

பத்தொன்பது வருடம்.
அவளுடைய கடன் நோட்டில்
எல்லோருக்கும் வீட்டுப் பெயர் உண்டு.
என் பக்கத்தில் 'சுவிஸ்காரி'.

அன்று ஏழாவது சாவியின் வீட்டிலிருந்து
ஒரு சிறுமி வெறுங்காலோடு கடைக்குள் வந்தாள்.
செருப்பு இழந்தவரின் மகள்.
ஐஸ்கிரீம் வேண்டும், கையில் காசில்லை.
வாய்ப் பழக்கத்தில் எருந்தினா கேட்டுவிட்டாள்:
"யார் வீட்டுப் பிள்ளை நீ?"

அப்பா பெயரைச் சொல்லியிருக்கலாம்.
கடையைச் சுற்றிப் பார்த்தாள்,
கதவு திறந்துவிட்டவள் யாரோ
வீடு அவளுடையதுதானே,
என்னைக் காட்டினாள்.
"இவங்க வீடு."

ஃபூகோ கோப்பையைக் கீழே வைத்தான்.
யாரும் சிரிக்கவில்லை, அது எனக்குப் பயமாக இருந்தது.
எருந்தினா பென்சிலை நாக்கில் தொட்டு
நிதானமாக எழுதினாள்.
நான் தலைகீழாகப் படித்தேன்:
சுவிஸ்காரி வீட்டுக் குழந்தை. ஐஸ்கிரீம் ஒன்று.

சனிக்கிழமை போய்விட்டார்கள்.
கட்டிலுக்கடியில் ஒற்றைச் செருப்பு,
வழக்கமான மணல்,
விருந்தினர் ஏட்டில் சேவலைப் பற்றி ஒரு புகார்.

நவம்பரில், மழை பக்கவாட்டில் அடித்த ஒரு நாள்
பாக்கி தீர்க்கப் போனேன்.
எல்லாவற்றையும் எடுத்துக்கொள்,
அந்த ஒரு வரியை மட்டும் அடிக்காதே என்றேன்.

எருந்தினா நோட்டை மூடினாள்.
"வட்டி ஏறும்," என்றாள்.