எடைமேடை

வாதி ஜிஸ்ஸியில் ஏறியதும் வரைபடம் வெறும் பழுப்பு.
ஸோஹாரில் வாடகைக்கு எடுத்த யாரிஸ்
மேட்டுக்கு மேடு ஏசியை நிறுத்தி
மூச்சு வாங்கியது.

வாசலில் சிந்துக்காரர் ஒருவர் பாஸ் கேட்டார்.
ஒரு காலத்தில் இருந்தது:
பெயர் ஜெபக்கனி. தகுதி, சார்ந்திருப்பவர்.
முன்பல் விழுந்த புகைப்படம்.
எனக்குப் பதினெட்டு ஆவதற்குள் சுரங்கத்தை மூடிவிட்டதால்
அந்தத் தகுதியை முறைப்படி இழக்கக்கூட வாய்க்கவில்லை.
என்ன வேலையாக வந்தீர்கள் என்றார்.
வேலை எதுவும் இல்லை என்று என் உருதுவில் சொன்னேன்.
வேலை கேட்கிறேன் என்று விளங்கியிருக்கிறது அவருக்கு.
"இங்கேயா?"
சங்கிலியை இறக்கும்போதும் சிரித்துக்கொண்டிருந்தார்.

சி-பதினான்கு.
ஏசி இருந்த சதுர ஓட்டை வழியாக
ஒரு வெள்ளாடு எட்டிப் பார்த்தது,
நான்தான் விருந்தாளி என்பதுபோல.
கேன்டீன் சுவரில் அந்த எச்சரிக்கை இன்னும் இருக்கிறது
அரபியில், ஆங்கிலத்தில், உருதுவில், மலையாளத்தில்.
தலைக்கவசம் அணிய வேண்டும் என்பதை
அப்பா மலையாளத்தில் எழுத்துக் கூட்டித்தான் தெரிந்துகொண்டார்.

நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய கசடும்
எங்கள் கசடும் அருகருகே குவிந்திருக்கின்றன.
இரண்டும் கறுப்பு.
எது யாருடையது என்று பார்க்காமல்
ஒரு நாய் இரண்டின் மேலும் காலைத் தூக்கியது.

அப்பா எடைமேடைக் குமாஸ்தா.
போகும் லாரி, வரும் லாரி,
கழித்தால் மிஞ்சுவது செம்பு.
வெள்ளிக்கிழமைகளில் என்னை மேடையில் நிறுத்துவார்.
முள் அசையாது.
"இதுக்குப் பெரிய கண்ணு, பாப்பா. உன்னைத் தெரியாது."
முராத் பக்‌ஷின் லாரியோடு நின்றால் மட்டும்
எனக்கும் சேர்த்து ஓர் எண் வரும்,
அதில் நான் எவ்வளவு என்பது தெரியாமல்.

இன்று ஏறி நின்றேன்.
அறுபத்தெட்டு கிலோவுக்குத்
துரு கொஞ்சம் முனகியது.

குழியில் தண்ணீர்.
மயில்கழுத்து நிறம்.
ஜவுளிக்கடையில் எத்தனை தடவை எடுத்துப் போட்டாலும்
அம்மா காரணம் சொல்லாமல் தள்ளிவைக்கும் நிறம்.

ஷம்சாவின் வீடு கீழே பள்ளத்தாக்கில்.
கம்பெனி கிளினிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து
ஊசிக்கு அழுதவர்கள் நாங்கள்.
இப்போது நகராட்சியில் கணக்கு பார்க்கிறாள்.
மூடியது வருத்தமாக இல்லையா என்று கேட்டேன்.
ஆரஞ்சை உரித்துக்கொண்டே சொன்னாள்:
"உன் அப்பா லாரியை நிறுத்தார்.
என் அப்பா தினமும் விடியலில்
கிணற்றை நாக்கில் வைத்துப் பார்ப்பார்.
முதலில் எலுமிச்சை போயிற்று. நூற்றெழுபது மரம்.
அப்புறம் வாழை. பேரீச்சைக்குப் பொறுமை அதிகம்,
அது கடைசியில்."
குரலில் கோபம் இல்லை.
சுளையில் பாதியை என் தட்டில் வைத்தாள்.

நாசரேத்தில் அப்பாவின் பணிக்கொடையில் கட்டிய வீட்டில்,
கொல்லைப்புறத்தில்,
தின்று தீராமல் பக்கத்து வீடுகளுக்கெல்லாம்
வாரி வாரிக் கொடுக்கும் ஒரு மரம் நிற்கிறது.
என்ன மரம் என்று
நான் அவளிடம் சொல்லவில்லை.

கிளம்பும்போது ஒரு பை கொடுத்தாள்.
உப்பில் வெந்து வெயிலில் கறுத்த எலுமிச்சை,
குலுக்கினால் கலகலவென்றது.
"கடையில் வாங்கியது" என்றாள்.
அதைச் சொல்ல வேண்டியிருந்தது அவளுக்கு.

மஸ்கட் விமான நிலையத்தில்
பெட்டியை வைத்ததும் எண் வந்தது,
அரைக் கிலோ அதிகம்.
எதையாவது எடுத்துவிடுங்கள் என்றாள் கவுன்டரில் இருந்த பெண்.
செருப்பை எடுத்தேன்.
அப்பாவுக்கு வாங்கிய சட்டையை எடுத்தேன்.
பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.