பதின்மூன்றாம் சுற்று

ஸ்டாக்டன் நகரில் செவ்வாய், வியாழன், சனி
காலை ஐந்தரைக்கு எங்களை நிறுத்துப் பார்ப்பார்கள்.
செருப்பைக் கழற்று. சாவிக்கொத்தை வை.
முந்தாநாள் முதல் திருட்டுத்தனமாய்க் குடித்த ஒவ்வொரு மடக்கும்
தராசில் ஏறிச் சாட்சி சொல்லும்.

நான்காம் நாற்காலி எனக்கு, ஐந்தாவது பர்ராகானுக்கு.
இடையில் இரண்டு இயந்திரங்கள்
எங்கள் ரத்தத்தை வாங்கி அலசித் திருப்பித் தருகின்றன.
நான்கு மணி நேரம். பேசாமல் கிடந்தால் எட்டு.

அதனால் ஒரு சண்டை வைத்தோம்.

அவன் ஆள் இக்னாசியோ வெர்துஸ்கோ,
இரண்டாயிரத்து நான்கின் வெல்டர்வெயிட் சாம்பியன்.
இடது கை வளைந்து விலாவில் இறங்கினால்
டிவியில் பார்த்தவர்களும் குனிந்தார்களாம்.
என் ஆள் ஏசா பிக்கெட், முப்பத்தேழாம் வருடத்தவர்.
ஓக்லண்ட் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்.
அவருக்கு மிஞ்சியிருப்பது பதினெட்டு நொடிப் படச்சுருள்,
அதிலும் பாதி நடுவரின் முதுகு.

"பதினெட்டு நொடியை வைத்தா அவனைப் பெரிய ஆள் என்கிறாய்?"
"கடல் முழுக்கக் குடித்தா உப்பென்று சொல்கிறோம்?"
குடிப்பது என்ற வார்த்தை வந்ததும்
இருவரும் சற்று நேரம் பேசவில்லை.

நிபந்தனைகளுக்கே இரண்டு வாரம் போயிற்று.
வெர்துஸ்கோ முந்தின நாளே எடை காட்டுவான்,
நூற்று நாற்பத்தேழு பவுண்டு, ஒரு இறகு கூட அதிகமில்லை.
பிறகு விடிய விடியக் குடித்துத் தின்று
நூற்றறுபதாய் மேடை ஏறுவான்.
பிக்கெட் தராசில் நின்றது சண்டையன்று மதியம்.
அங்கே காட்டிய உடம்பைத்தான் இரவில் அடிக்குக் கொடுத்தார்.
சண்டையன்று மதியம்தான், என்றேன்.
அப்படியானால் கையுறை என் காலத்தது, என்றான்.
குதிரைமயிர் அடைத்த உன் பழசில் எலும்பு தட்டும்.
சரி.
நடுவர், செவிலி பா லியா.
குத்துச்சண்டையே பார்த்ததில்லை அவள்.
ஊசியைச் சரிசெய்துகொண்டே கேட்பாள்,
"ரெண்டு பேரும் உயிரோடுதானே இருக்காங்க?"

முதல் நான்கு சுற்று வெர்துஸ்கோவுக்கு. மறுக்கவில்லை.
ஐந்தில் பிக்கெட் நெருங்கி வந்து,
மூட்டைக்கு அடியில் தோள் கொடுப்பதுபோல்
அவன் நெஞ்சுக்கு அடியில் தோள் கொடுத்தார்.
ஆறில் வெர்துஸ்கோவின் நாக்கு ஒட்டிக்கொண்டது.
தாகத்தோடு அவன் சண்டையிட்டதே இல்லை.
எங்களுக்கு அது தெரியும், பர்ராகானுக்கும் தெரியும்.

ஏழாம் சுற்றில் என் ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது.
பா லியா நாற்காலியைச் சாய்த்துக் காலைத் தூக்கினாள்.
கூரை. விளக்கு. கூரை.
கண் தெளிந்தபோது பர்ராகான் சொன்னான்:
"நீ இல்லாதபோது பிக்கெட் கட்டிப் பிடித்துச் சமாளித்தார்.
ஒன்றும் படவில்லை."

பன்னிரண்டு முடிந்தது.
யாருடைய இயந்திரமோ மணியடித்தது.
வெர்துஸ்கோ இரு கையையும் தூக்கினான்.
அவன் ஆட்கள் கயிற்றுக்குள் புகுந்து
கையுறையின் பட்டியை வெட்டத் தொடங்கிவிட்டார்கள்.
"ஏழுக்கு ஐந்து," என்றான் பர்ராகான். "தீர்ந்தது."

பிக்கெட் வாய் கொப்பளித்துத் துப்பினார்.
எழுந்து நடு மேடைக்கு வந்து நின்றார்.
அவர் காலத்துப் பட்டத்துக்குப் பதினைந்து சுற்று.

தராசைப் பேசினோம், கையுறையைப் பேசினோம்,
கால்சட்டையின் நிறத்துக்கு ஒரு சனிக்கிழமையே செலவழித்தோம்.
இதை மட்டும் பேசவில்லை.

ஊசிகளை எடுத்தார்கள்.
பஞ்சை அழுத்திப் பிடித்தபடி பத்து நிமிடம்,
அவரவர் காயத்துக்கு அவரவரே ஆள்.
திரும்பவும் தராசு.
பர்ராகான் ஏறினான், இறங்கினான்,
செருப்பில் காலை நுழைத்துக்கொண்டே
என்னைப் பார்க்காமல் சொன்னான்:

"எழுந்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.
கையுறையைத் திரும்பக் கட்ட வேண்டும்.
வியாழன் ஆகும்."