கவ்வாத்து அல்லாதது

தலவாக்கலை பஸ் நிலையத்துக்கு எதிரே
நுவரெலியாவிலிருந்து வந்த லொறியின் பின்கதவில்
அதை முதலில் பார்த்தேன்.
ஒவ்வோர் இலையிலும் யாரோ
சுண்ணாம்பு பூசத் தொடங்கி
பாதியில் தேத்தண்ணி குடிக்கப் போனதுபோல.
விலை அறுநூற்றைம்பது.
கிட்டத்தட்ட ஓர் அரைப்பேர்.

"வேரிகேட்டட் பைக்கஸ்" என்றான் விற்றவன்.
"அத்தி, ஆல், அரசு எல்லாம் இதுக்குச் சொந்தம்.
ஆனா இது வீட்டுக்குள்ள இருக்கிற சாதி."
கடைசிச் சொல்லுக்கு நான் சிரித்தேன்.
ஏனென்று அவனுக்குப் புரியவில்லை.

பால்மா டின்னின் அடியில் ஆணியால் ஐந்து துளை.
காம்பராவுக்கு ஜன்னல் ஒன்றுதான், மேற்கே.
அங்கே வைத்தேன்.
சாரல் அடிக்கிறதென்று அடுப்படிக்கு மாற்றினேன்.
புகையென்று மறுபடி ஜன்னலுக்கு.
ஒரு வாரத்தில் பதினொரு இலை தரையில்.
இடம் மாற்றினால் கோபிக்கும் செடியாம்.
பக்கத்துக் காம்பரா எமல்டா எட்டிப் பார்த்துவிட்டு,
"நாலு தோட்டம் மாறின நாங்க
ஒரு இலை உதிர்த்தோமா?" என்று போனாள்.

பிறகு நான்தான் அதற்குப் பழகினேன்.
விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டு
காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.
ஆடிக் குளிரில் பத்து நாளைக்கு ஒரு டம்ளர்,
அதுவும் கேத்தலில் சற்றே சூடு காட்டி.
சனிக்கிழமை, பிள்ளையின் பழைய பனியனை நனைத்து
இலை இலையாய்க் கரி துடைப்பேன்.
வெள்ளை இடத்தில்தான் கரி தெரியும்.
பச்சை மறைத்துக்கொள்ளும்.

வெள்ளைக்குச் சமைக்கத் தெரியாது.
மகள் விஞ்ஞானப் புத்தகத்தோடு வந்து சொன்னது.
அந்த ஓரங்கள் வெயிலை வாங்கிச்
சும்மா வைத்திருக்கும்.
நடுவிலிருக்கும் பச்சைதான்
இரண்டு பேருக்கும் உலை வைக்கிறது.

ஐப்பசியில் அடித்தண்டிலிருந்து ஒரு கிளை.
முழுப் பச்சை.
மற்றவை ஓர் இலை விடுவதற்குள்
அது நான்கு விட்டது,
கண்ணாடியில் முட்டி வளைந்தது.
லொறிக்காரனைக் கேட்டேன்.
"வெட்டுங்க அக்கா. விட்டா
செடி முழுக்கப் பச்சையாகிரும்,
குடுத்த காசு வீண்."

புவனேந்திரனிடம் கத்தியை நீட்டினேன்.
பதினேழு வருடமாய்க் கவ்வாத்து வெட்டுகிற ஆள்.
நாளுக்கு இருநூறு செடி,
ஒரே வீச்சு, ஒரே சரிவு.
கிளையைத் தொட்டுப் பார்த்தார்.
ஓர் இலையைத் திருப்பினார்.
"கவ்வாத்துன்னா எல்லாத்தையும் வெட்டணும்.
நல்லா வர்றதை மட்டும் பார்த்து வெட்டுறதுக்கு
எனக்குப் பேர் தெரியாது."
கத்தியைச் சாக்கில் சுற்றி
கூரைத் தகரத்தில் செருகிவிட்டுப் படுத்தார்.

நான்தான் வெட்டினேன், சவர பிளேடால்.
பால் வந்தது.
பஞ்சு வைத்தும் நிற்கவில்லை.
விரலில் பட்ட இடம் இரவெல்லாம் அரித்தது.

குப்பையில் போட மனம் வரவில்லை.
ஜாம் போத்தல் தண்ணீரில் நிறுத்தினேன்.
மூன்றாம் வாரம் வேர்.
தை பிறக்கும்போது
போத்தலுக்குள் சுற்றிச் சுற்றி நூல்கண்டு.
இனி மண் வேண்டும்.
மண்ணுக்கா பஞ்சம், கதவைத் திறந்தால் மலை மலையாய்.
லயத்துக்குப் பின்னால் நட்டால் சுவரைப் பிளக்கும்.
முன்னால் நட்டால் துரை கேட்பார், யார் இடமென்று.
ஏழு பேர்ச் காணிக்கு நிரப்பிக் கொடுத்த பாரம்
எங்கேயோ ஒரு மேசையில் இருக்கிறது.

நேற்றுக் காலை ஜன்னலோரம் போத்தல் இல்லை.
மாலையில் அவர் பையிலிருந்து எடுத்து வைத்தார்,
வெறும் போத்தல், கழுவி.
எந்த மலை என்று நான் கேட்கவில்லை.
நகக்கண்ணில் மண்.
அது எப்போதும் இருப்பதுதான்.
போத்தலில் தேங்காயெண்ணெய் ஊற்றி வைத்தேன்.

இன்று செடியில் ஓர் இலை விழுந்திருக்கிறது.
கதவு திறந்து கிடந்த காற்றாய் இருக்கும்.
வெட்டிய இடத்துக்குக் கீழே
ஊசிமுனை அளவில் ஏதோ புடைக்கிறது.
கண்ணாடி போட்டுப் பார்த்தும்
நிறம் தெரியவில்லை.