பொட்டு

தலவாக்கலை போட்டோ கொப்பி கடையில்
ஆறு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
முதலாளியின் பழைய கொம்பியூட்டரில்
ஒரு சதுரம் செய்தேன்.
சிவப்பு. இருபதுக்கு இருபது.
கண் இல்லை, கால் இல்லை.
பெயர் மட்டும் வைத்தேன், பொட்டு.

ஓடவிட்டேன்.
விழுந்தது.

கீழே பச்சையாக ஒரு நீள்சதுரம் கிடந்தது,
அதுதான் நிலம் என்று நினைத்திருந்தேன்.
அதற்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்து
திரையின் அடி விளிம்பையும் தாண்டி
பொட்டு போய்க்கொண்டே இருந்தது.
மூலையில் உயரம் மட்டும் எண்ணாக ஓடியது:
கழித்தல் நானூறு,
கழித்தல் ஒன்பதாயிரம்,
யாரும் தேடிப் போகாத ஆழத்தின் கணக்கு.

மூன்று இரவு இப்படியே விழுந்தது.
பாடம் சொல்லித்தரும் வீடியோ ஒன்று கிடைத்தது.
என் டேட்டா முடிய முடிய
எதிர்க் கடை ரிஸ்னா தன் போனிலிருந்து தந்தாள்.
வீடியோக்காரர் எந்த நாடோ, மூச்சுவிடாமல் பேசினார்.
பாதிதான் விளங்கியது.
விளங்கிய பாதி இது:
பச்சை அடித்தால் மட்டும் நிலம் ஆகாது.
நீதான் நிலம், தாங்கு என்று
அதற்குத் தனியே சொல்ல வேண்டும்.
பட்டியலின் அடியில் ஒரு சின்னக் கட்டம்.
அதில் ஒரு சரி.

மவுசில் கை வைத்தபடி கொஞ்சம் இருந்தேன்.

போன ஒக்டோபர் மழையில்
எங்கள் லயத்துக்குப் பின்னால் மண் வெடித்தது.
தொப்பி போட்ட ஒருவர் வந்து
ஆப்பு அடித்து, சிவப்பு ரிப்பன் கட்டி,
போட்டோ பிடித்துக்கொண்டு போனார்.
பதினோரு குடும்பம் ஸ்கூல் மண்டபத்தில் படுத்தோம்.
பதினாறு நாள்.
அங்கேயும் பச்சைதான்.
பச்சைக்கு என்ன குறை.

சரி போட்டேன்.
பொட்டு விழுந்தது,
நின்றது.

அவ்வளவுதான். ஒரு சதுரம்
ஒரு கோட்டின் மேல் நிற்கிறது.
கதிரையை விட்டு எழும்பி
லெமினேட் மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன்.
திரும்பிப் பார்த்தால்
அப்போதும் நின்றது.

பிறகு ஆசை பெருகியது.
குதிக்க வேண்டும், பின்னால் மலை வேண்டும்.
மலை வரைய எனக்கு வராது,
வரைந்ததெல்லாம் சமோசா.
அழித்துவிட்டுப் பனிமூட்டம் போட்டேன்,
வெள்ளைக்கு மேல் இன்னொரு வெள்ளை.
நானுஓயாப் பக்கம் காலை பஸ்ஸில் போனவர் யாரும்
இதில் மலை இல்லை என்று சொல்லமாட்டார்.

முதல் ஆட்டக்காரி ரிஸ்னாதான்.
ரீலோட் கடையைப் பூட்டிவிட்டு
சாவிக்கொத்தை விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தாள்.
"இது எப்பிடி வெளாடுற?"
சொல்லக்கூடாது என்று வீடியோக்காரர் சொல்லியிருந்தார்.
வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அமத்தினாள். பொட்டு குதித்தது.
கீழே வருமுன் மறுபடி அமத்தினாள்.
காற்றிலேயே இன்னொரு குதி.
மறுபடி. மறுபடி.
நிலத்தில் நின்றால்தான் குதிக்கலாம் என்று
நான் எங்கேயும் எழுதவே இல்லை.
ஏறிக்கொண்டே போனது,
பனிமூட்டத்தின் மேல் விளிம்பைத் தாண்டி,
நானூறு,
ஒன்பதாயிரம்.
இந்த முறை முன்னால் கழித்தல் இல்லை.

"ஐயோ பிழை, இரு" என்று கையை நீட்டினேன்.
முழங்கையால் தட்டிவிட்டாள்.
"மேல என்ன இருக்கு?"
"ஒன்னுமில்ல. இன்னும் செய்யல."
"அப்ப செய்."

ஏழேகால் பஸ் ஹோர்ன் அடித்தபடி போனது,
நாங்கள் ஏற வேண்டிய பஸ்.
கோணலாக விழுந்த ஒரு கொப்பித் தாளின் பின்புறம்
பேனையால் எழுதிவைத்தேன்:

நிலம், சரி.
பனி, சரி.
காற்றில் கால் ஊன்றுகிறது, திருத்த வேண்டும்.

பிறகு அந்தக் கடைசி இரண்டு சொல்லுக்கும் பக்கத்தில்
ஒரு கேள்விக்குறி.